மினாரைப் பூட்டினால் போதுமா?

தில்லியில் குடியிருக்கும் தமிழர்களுக்கு அக்டோபர் பிறந்தால் மார்ச் முடியும் வரை தீராத கடமை ஒன்று உண்டு. ஊரிலிருந்து மாமா வருவார், அத்தை வருவார், சித்தப்பாவும் அவருடைய சம்பந்தி வீட்டாரும் சேர்ந்தே வருவார்கள். வந்தவர்களுக்கு முதல் நாள் குதுப்மினார், செங்கோட்டை, இந்தியா கேட். மறுநாள் விடியற்காலையில் வாசலில் வாடகை வண்டி. ஆக்ரா போய்த் தாஜ்மகாலைப் பார்த்துவிட்டு, பதேபூர் சிக்ரி, பரத்பூர், தௌசா வழியாக ஜெய்ப்பூர். அங்கிருந்து ஆமேர், கோட்புத்லி, பஹரோட் என்று மீண்டும் தில்லி. ஏறக்குறைய 750 கிலோமீட்டர் வரும் இந்தச் சுற்றுக்குச் சுற்றுலாத் துறையினர் ‘தங்க முக்கோணம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் வீடுகளில் அதற்குப் பெயர் ‘அந்த ரவுண்டு’.

இந்த ரவுண்டில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. குதுப்மினாரின் அடியில் நின்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டு அத்தை கேட்பார்: “ஏம்ப்பா, மேலே ஏற முடியாதா?”

“முடியாது அத்தை. ரொம்ப வருஷத்துக்கு முன்னாலேயே மூடிட்டாங்க.”

“இவ்வளவு உசரத்துக்குக் கட்டிட்டுப் பூட்டியா வெச்சிருக்காங்க?”

அத்தையின் கேள்வியை நாம் சிரித்துக்கொண்டே கடந்துவிடுகிறோம். அது சிரித்துவிட்டுப் போக வேண்டிய கேள்வி அல்ல என்பது என் எண்ணம். உயரமான இடத்தில் மக்களை ஏறவிடுவதா, தடுப்பதா, ஏறவிட்டால் எப்படி ஏறவிடுவது என்பதில் உயிர்கள் சம்பந்தப்பட்டிருக்கின்றன. இந்த ஒரே ரவுண்டின் வழியிலேயே அதற்கு இரண்டு கசப்பான சாட்சியங்கள் இருக்கின்றன.

1981: குதுப்மினார்

முதல் சாட்சியம் குதுப்மினாரே. 72.5 மீட்டர் உயரம், ஐந்து தளங்கள், உள்ளே சுழன்று ஏறும் 379 படிகள். குத்புதீன் ஐபக் தொடங்கி, இல்துத்மிஷ் உயர்த்தி, இடி விழுந்து சிதைந்த மேல் பகுதியைப் பதினான்காம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் திருத்திக் கட்டிய கோபுரம் இது. பல தலைமுறைகள் இதன் உள்ளே ஏறி இறங்கியிருக்கின்றன.

1981 டிசம்பர் 4, வெள்ளிக்கிழமை. மினாருக்குள் கூட்டம். அதில் பள்ளிக்கூடத்திலிருந்து சுற்றுலாவாக வந்த பிள்ளைகள் ஏராளம். மின்சாரம் நின்றது. படிக்கட்டு முழுவதும் இருட்டானது. பயந்துபோன கூட்டம் ஒரே நேரத்தில் கீழே இறங்க முண்டியடித்தது. நாற்பத்தைந்து பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள்.

சுழல் படிக்கட்டில் இருக்கும் ஆபத்தைப் புரிந்துகொள்வது கடினமல்ல. அதில் நிற்பவருக்கு முன்னே நாலைந்து படிகளுக்கு மேல் கண்ணுக்குத் தெரியாது. கீழே ஒருவர் தடுக்கி விழுந்தால் மேலே இருப்பவருக்கு அது தெரிய வழியில்லை. வழி ஏன் நகரவில்லை என்று அவர் இன்னும் கொஞ்சம் தள்ளுவார். அவருக்குப் பின்னால் இருப்பவர் அவரைத் தள்ளுவார். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அதே குறுகிய வழியில் ஒருவரையொருவர் உரசிக்கொண்டு போகும்போது விளக்கும் அணைந்துவிட்டால், அங்கே கெட்டவர் யாரும் இருக்க வேண்டியதில்லை. விபத்து தானாகவே நடந்துவிடும்.

அதன் பிறகு மினாரின் கதவு பொதுமக்களுக்குப் பூட்டப்பட்டது. நாற்பதாண்டுகளுக்கு மேலாகியும் பூட்டு அப்படியே இருக்கிறது. 1993-ல் குதுப்மினார் வளாகம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. உலகமெங்கிலுமிருந்து மக்கள் வருகிறார்கள், அடிவாரத்தைச் சுற்றிவிட்டுப் போகிறார்கள்.

அந்த நேரத்தில் பூட்டியதை நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோரின் முகத்தைப் பார்த்தவர்கள் வேறு என்ன செய்திருப்பார்கள்? என் கேள்வி அதற்குப் பின் வந்த நாற்பதாண்டுகளைப் பற்றியது.

ஏறினால் என்ன கிடைக்கும்?

“மேலே ஏறி என்ன பார்க்கப் போகிறோம்? படம்தான் எல்லா இடத்திலும் கிடைக்கிறதே” என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். அவர்களுக்கு நான் ஜெய்ப்பூரின் இசர்லாட்டைச் சிபாரிசு செய்வது வழக்கம்.

வாடகை வண்டிக்காரர்கள் பெரும்பாலும் இதைக் காட்டுவதில்லை. ஹவா மகாலின் எதிரே வண்டியை ஓரங்கட்டி ஐந்து நிமிடம் படம் எடுக்கச் சொல்வார்கள், பிறகு நேரே சேலைக் கடைக்கு ஓட்டுவார்கள். திரிபோலியா பஜாரில் இறங்கி, கடை வரிசைக்குப் பின்னால் சந்துக்குள் நடந்தால் ஏழு நிலைகளில் ஒல்லியாக எழும்பி நிற்கும் இந்தக் கோபுரத்தை அடையலாம். ‘சர்கசூலி’ என்றும் இதற்குப் பெயர். விண்ணைத் துளைப்பது என்று பொருள். ஜெய்ப்பூரின் முக்கிய இடங்களுக்குச் சேர்த்து விற்கும் கூட்டுச் சீட்டில் இதுவும் அடக்கம். கையில் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டே இதைப் பார்க்காமல் திரும்புகிறவர்கள் எத்தனையோ பேர்.

இதைக் கட்டியவர் மன்னர் ஈஸ்வரி சிங். ஜெய்ப்பூர் நகரை நிறுவிய சவாய் ஜெய்சிங்கின் மகன். தந்தை 1743-ல் இறந்ததும் பட்டத்துக்கு வந்தார். மாற்றாந்தாய் மகன் மாதோ சிங் தனக்கே அரியணை என்று உதய்பூர் ராணாவின் துணையோடு போருக்கு வந்தார். 1747-ல் ராஜ்மகால் என்ற இடத்தில் நடந்த போரில் ஈஸ்வரி சிங் வென்றார். அந்த வெற்றியின் நினைவாக 1749-ல் இந்தக் கோபுரம் எழுந்தது. அடுத்த ஆண்டே, 1750 டிசம்பரில், பாக்கிப் பணம் கேட்டு மல்ஹர் ராவ் ஹோல்கரின் படை ஜெய்ப்பூரை நெருங்கியபோது, எதிர்கொள்ள வழியற்று ஈஸ்வரி சிங் நஞ்சருந்தி உயிரை மாய்த்துக்கொண்டார். எந்த மாதோ சிங்கைத் தோற்கடித்ததற்காகக் கோபுரம் கட்டினாரோ, அவரே அடுத்து அரியணை ஏறினார். ஜெய்ப்பூர் மன்னர்களின் சமாதி மண்டபங்கள் கேட்டோரில் வரிசையாக இருக்கின்றன. ஈஸ்வரி சிங்குக்கு அங்கே மண்டபம் இல்லை. கோபுரம் மட்டும் நிற்கிறது.

சுழன்று ஏறும் குறுகலான வழியில் மூச்சு வாங்க ஏறி உச்சிச் சாளரத்தருகே நின்றால்தான் ஜெய்ப்பூர் என்பது என்ன என்று விளங்கும். கீழே திரியும்போது அது நெரிசலான கடைத்தெரு. ஆட்டோ, மாடு, வளையல் கடை, லாக் பூச்சு வேலை, கச்சோரி வாசனை, இவ்வளவுதான் தெரியும். மேலே வந்ததும், 1727-ல் வித்யாதர் பட்டாச்சாரியா என்ற வங்காளியின் திட்டப்படி கட்டம் கட்டமாகப் போட்ட நகரம் கண் முன்னே விரிகிறது. கிழக்கே சூரஜ்போல் வாசலிலிருந்து மேற்கே சாந்த்போல் வாசல் வரை நூல் பிடித்தாற்போல் ஒரே நேர்சாலை. அதைக் குறுக்கே வெட்டும் சாலைகள், வெட்டுமிடங்களில் சதுக்கங்கள். ஒன்பது கட்டங்களாக நினைத்த நகரில் வடமேற்குக் கட்டத்துக்கு நாகர்கட் மலை இடங்கொடுக்கவில்லை. அதனால் அந்த ஒரு கட்டத்தைக் கிழக்குப் பக்கமாகத் தள்ளிப் போட்டார்கள் என்று புத்தகங்களில் படித்திருப்போம். மலை எப்படி நகரின் தோளில் வந்து இடிக்கிறது என்பதை இங்கே நின்று கண்ணால் பார்க்கலாம். அரண்மனை முற்றங்கள், ஜந்தர் மந்தரின் மாபெரும் சூரிய கடிகாரம், மலைமேல் 1734-ல் கட்டிய நாகர்கட் கோட்டை, எல்லாம் ஒன்றுக்கொன்று எந்தத் திசையில், எவ்வளவு தொலைவில் என்று ஒரே பார்வையில் புலப்படும். நம் பொங்கலன்று மகர சங்கராந்திக்கு ஜெய்ப்பூரின் மொட்டைமாடிகளிலெல்லாம் பட்டம் பறக்கும். அப்போது மேலிருந்து பார்க்கக் கிடைத்தவர் பாக்கியசாலி.

இதைப் படத்தில் பார்க்கலாம் என்பவர்கள், மலைக்கோட்டை உச்சிப் பிள்ளையாரையும் படத்திலேயே சேவித்துவிட்டுத் திருச்சியைத் தாண்டிப் போகலாம். நாம் அப்படிப் போவதில்லை. நானூறுக்கு மேற்பட்ட படிகளை ஏறி, காவிரி எங்கே, ஸ்ரீரங்கம் எங்கே என்று பிள்ளைகளுக்குக் கை நீட்டிக் காட்டிவிட்டுத்தான் இறங்குகிறோம். தான் நடந்து வந்த ஊரை மேலே நின்று பார்க்கும் பிள்ளைக்கு வரைபடம், திசை, தூரம், வரலாறு எல்லாம் ஒரே நாளில் பாடமாகிறது. பூட்டு அந்தப் பாடத்தைத்தான் பறிக்கிறது.

2021: ஆமேர் மலை

‘அப்படியானால் எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டியதுதானே’ என்று வாதத்தை முடித்துவிட முடியாது. இரண்டாவது சாட்சியம் ஜெய்ப்பூரின் வாசலிலேயே இருக்கிறது.

பழைய தில்லிச் சாலையில் ஆமேர் கோட்டையைத் தாண்டித்தான் நகருக்குள் நுழைகிறோம். கோட்டையைச் சுற்றியுள்ள மலை முகடுகளில் நீண்ட மதிலும், மதிலோடு சேர்ந்த காவல் கோபுரங்களும் இருக்கின்றன. அங்கிருந்து கோட்டையும் ஏரியும் சேர்ந்து தெரியும் காட்சி அருமையானது. 2021 ஜூலை 11, ஞாயிற்றுக்கிழமை. மழைக்காலத்தின் தொடக்கம். கடும் வெயிலில் வெந்துபோயிருந்த ஊர் மக்கள் மழையை அனுபவிக்க மலையேறியிருந்தார்கள். காவல் கோபுரத்தில் பலர் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மின்னல் தாக்கியது. பதினோரு பேர் இறந்ததாகச் செய்திகள் வந்தன. காயம்பட்டோர் இன்னும் பலர். இறந்தவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள்.

குதுப்மினாரில் குறுகிய படிக்கட்டும் இருட்டும். ஆமேரில் திறந்த வெளியும் வானமும். காரணங்கள் வேறு. ஆனால் இரண்டு இடங்களிலும் ஒரே குறை எனக்குத் தெரிகிறது. ‘இவ்வளவு பேர் போதும், மற்றவர்கள் கீழே நில்லுங்கள்’ என்றும், ‘வானம் கறுக்கிறது, எல்லோரும் இறங்குங்கள்’ என்றும் சொல்ல அதிகாரமுள்ள ஓர் ஆள் மேலே போகும் வழியில் இருந்திருந்தால், இரண்டு நாள்களும் சாதாரண நாள்களாகவே கழிந்திருக்கக்கூடும்.

1981-ல் நாம் கற்றிருக்க வேண்டிய பாடம் அதுதான். நாம் கற்றதோ, பூட்டுப் போடுவதை மட்டும். ஒரு மினாரைப் பூட்டியதோடு பிரச்சினை தீர்ந்ததாக நினைத்துவிட்டோம். உயரமான இடங்களில் கூட்டத்தை எப்படி நிர்வகிப்பது என்ற கேள்வி பூட்டுக்குள்ளேயே கிடந்தது. நாற்பதாண்டு கழித்து, பூட்ட முடியாத ஒரு மலையில், அது வேறு வடிவத்தில் திரும்பி வந்தது. பூட்டிய இடத்தில் விபத்து நடக்காது என்பது உண்மைதான். ஆனால் ஏற வேண்டும் என்ற ஆசை பூட்டோடு போய்விடுவதில்லை. காவலில்லாத வேறு இடத்தைத் தேடிப் போகிறது.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

இத்தாலியின் பிசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்தை எடுத்துக்கொள்வோம். 1989 மார்ச்சில் அந்நாட்டின் பாவியா நகரில் ஒரு பழைய கோபுரம் திடீரென்று இடிந்து விழுந்து நான்கு பேர் இறந்தார்கள். அந்த அதிர்ச்சியில் 1990 ஜனவரியில் பிசா கோபுரத்தையும் பொதுமக்களுக்கு மூடினார்கள். நம்மைப் போலவே அவர்களும் பூட்டினார்கள். ஆனால் பூட்டிய கையோடு நிபுணர்களை உட்காரவைத்து வேலையைத் தொடங்கினார்கள். சாய்வுக்கு எதிர்ப்பக்கம் அடிமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, சாய்வை ஏறக்குறைய 45 செண்டிமீட்டர் குறைத்தார்கள். 2001 டிசம்பரில் கதவைத் திறந்தார்கள். இப்போது சிறு சிறு குழுக்களாக, நேரம் குறித்த சீட்டோடு மக்கள் ஏறுகிறார்கள். அங்கே பூட்டு என்பது வேலை நடக்கும் காலத்துக்கான ஏற்பாடு.

அவ்வளவு தூரம் போவானேன்? சென்னை மெரினாவின் கலங்கரை விளக்கம் 1977 முதல் இயங்குகிறது. பாதுகாப்புக் காரணங்களுக்காகச் சுமார் இருபதாண்டு காலம் அதில் பார்வையாளர்களை விடவில்லை. ஒரு தலைமுறைச் சென்னைப் பிள்ளைகள் அதைக் கீழேயிருந்தே பார்த்து வளர்ந்தார்கள். 2013 நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்று, அதை மீண்டும் திறந்தார்கள். ‘பாதுகாப்பு’ என்று சொல்லிப் பூட்டிய கதவைத் திறக்கவே முடியாது என்பதில்லை.

குஜராத்தின் கேவடியாவில் 2018-ல் திறந்த 182 மீட்டர் சர்தார் படேல் சிலையில், 153 மீட்டர் உயரத்தில் பார்வைக்கூடம் இருக்கிறது. அதற்குத் தனிச் சீட்டு, குறித்த நேரம், மின்தூக்கி. ஆக, கூட்டத்தை எண்ணி அனுப்பும் வித்தை நமக்குத் தெரியாததல்ல. தாஜ்மகாலிலேயே 2018 டிசம்பரிலிருந்து மூலக் கல்லறை மண்டபத்துக்குள் போகத் தனியாக 200 ரூபாய் வாங்கி நெரிசலைக் குறைக்கப் பார்க்கிறார்கள். 1591-ல் கட்டிய ஹைதராபாத் சார்மினாரில் சீட்டு வாங்கிக்கொண்டு சுழல் படிகளில் முதல் தளத்துக்கு ஏற விடும் அதே தொல்லியல் துறைதான் குதுப்மினாரின் சாவியையும் வைத்திருக்கிறது.

எதிர்வாதங்கள்

பழைய கட்டடம் கூட்டத்தைத் தாங்குமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் திறக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. தாஜ்மகாலின் நான்கு மினார்களும் மூடியே இருக்கட்டும். அவை ஏறிப் பார்ப்பதைவிட எட்டி நின்று பார்ப்பதற்கே அழகு. படி தேய்ந்து, கல் விரிசல் விட்ட இடங்களையும் திறக்க வேண்டாம். எது தாங்கும், எது தாங்காது என்று பொறியாளர்கள் சோதித்து, அந்த முடிவை வாசலிலேயே எழுதி வைக்கட்டும். ‘இந்தக் காரணத்தால் ஏற அனுமதியில்லை’ என்று ஒரு வரி இருந்தால் அத்தையின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

மனம் உடைந்தவர்கள் மேலே போய் விபரீதமாக ஏதும் செய்துகொண்டால்? இதையும் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் இதற்கும் காவலர் இருப்பதும், விளிம்பில் உறுதியான கம்பி வலை இருப்பதும்தான் மருந்து. கதவை மட்டும் நம்பினால் ஊரில் எத்தனை மாடிகளைப் பூட்டுவது?

செலவுக்கு எங்கே போவது என்பது மூன்றாவது கேள்வி. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். குதுப்மினாரில் முதல் தளத்து உப்பரிகை வரை மட்டும் ஏற விடுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு குழுவுக்கு 25 பேர். ஒரு குழு முழுவதும் இறங்கி வந்த பிறகே அடுத்த குழு ஏறலாம் என்பதால் எதிரெதிரே உரசல் இல்லை. குழுவுக்கு 20 நிமிடம் என்றால் மணிக்கு 75 பேர், எட்டு மணி நேரத்துக்கு 600 பேர். ஆளுக்கு 50 ரூபாய் என்றாலும் நாளொன்றுக்கு 30,000 ரூபாய். கீழே ஒருவர், நடுவில் ஒருவர், மேலே ஒருவர் என்று காவலர் வைக்கவும், மின்சாரம் போனாலும் எரியும் பேட்டரி விளக்கு போடவும் இது தாராளமாகப் போதும்.

செய்ய வேண்டியவை

கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேட்போம். ஏறிப் பார்க்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரே நேரத்தில் எத்தனை பேர் என்ற எண் வாசலில் எழுதியிருக்க வேண்டும். அதை எண்ணுவதற்கு ஆள் இருக்க வேண்டும். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் நேரம் பிரித்திருக்க வேண்டும். படிக்கட்டில் மின்சாரத்தை மட்டும் நம்பாத விளக்கும், பிடித்துக்கொள்ளக் கம்பியும் வேண்டும். பள்ளிக் குழுக்கள் முன்கூட்டியே பதிவு செய்து, இத்தனை பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கோடு வர வேண்டும்.

மலையுச்சிக் கோபுரங்களுக்கு இன்னும் இரண்டு வேண்டும். ஒன்று, பூமி வரை ஒழுங்காக இணைத்த இடிதாங்கி. மற்றொன்று, மழைக்காலத்தில் எச்சரிக்கை மணி. மின்னல் எப்போதும் எச்சரித்துவிட்டு வருவதில்லை. ஆனாலும் இடியோசை அதற்கு ஓர் அளவுகோல். ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க மூன்று விநாடி ஆகும். மின்னல் தெரிந்ததிலிருந்து இடி கேட்கும்வரை எண்ணுங்கள். முப்பதுக்குள் கேட்டுவிட்டால் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே இறங்கிவிட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி கழியும்வரை மீண்டும் ஏறக் கூடாது. மலையுச்சியில் நான்கு தூண்மேல் நிற்கும் மண்டபம் மழையைத் தடுக்கும், மின்னலைத் தடுக்காது. கண்ணாடிகளை ஏற்றிய கார் அதைவிடப் பத்திரமான இடம். புணேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் ‘தாமினி’ என்றொரு செயலியை உருவாக்கியிருக்கிறது. நாம் நிற்கும் இடத்தைச் சுற்றி மின்னல் உண்டா என்று அது காட்டும். ஜூலை, ஆகஸ்டில் ராஜஸ்தான் பக்கம் வண்டி எடுப்பவர்கள் அதைக் கைப்பேசியில் ஏற்றிக்கொள்வது நல்லது.

நம் பங்கு

எல்லாவற்றையும் அரசாங்கத்தின் தலையில் கட்டிவிட்டு நாம் நல்லவர்களாக இருந்துவிட முடியாது. காவலர் ‘போதும்’ என்று கை காட்டினால், “நாங்கள் இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்திருக்கிறோம், எங்களை மட்டும் விடுங்கள்” என்று கெஞ்சுவதும், பத்து ரூபாயை நீட்டுவதும் நம்மவர்கள்தான். இருபத்தைந்து பேர் என்று எழுதியிருக்கும் இடத்தில் இருபத்தாறாவது ஆளாக நுழைவது சாமர்த்தியம் என்று பிள்ளைகளுக்கு முன்னாலேயே காட்டுகிறோம். கைப்பிடிச் சுவர்மேல் குழந்தையை உட்காரவைத்துப் படம் எடுக்கிறோம். நூற்றாண்டுக் கல்லில் சாவியால் பெயர் கீறுகிறோம். தமிழில் கீறிய பெயர்களை வடநாட்டு நினைவுச் சின்னங்களில் பார்த்துத் தலைகுனிய வேண்டியிருக்கிறது. திறந்துவிடுங்கள் என்று கேட்பவர்களுக்கு, திறந்த இடத்தில் எப்படி நடந்துகொள்வது என்ற பொறுப்பும் உண்டு.

வயதானவர்களை வற்புறுத்தி ஏற்றுவதையும் விட்டுவிட வேண்டும். முழங்கால் வலிக்கும் மாமாவைக் கீழே டீக்கடையில் உட்காரவைப்பதில் அவமானம் ஒன்றுமில்லை. ஹவா மகாலில் மேல் நிலைகளுக்குப் போகச் சரிவுப் பாதை இருக்கிறது. படியேற முடியாதவர்களை அங்கே மெதுவாக அழைத்துப் போகலாம். இசர்லாட்டுக்கு இளையவர்கள் போய் வந்து அவர்களுக்குச் சொல்லட்டும்.

கடைசியாக ஒரு யோசனை. இந்தச் சுற்றை ஆண்டுதோறும் விருந்தினர்களோடு சுற்றுகிறவர்கள் நம் சங்கத்தின் உறுப்பினர்களில் நூற்றுக்கணக்கானோர் இருப்பார்கள். போகுமிடத்திலெல்லாம் மூன்றே மூன்று விஷயங்களைக் கவனித்து வாருங்கள்: வாசலில் ஆள் இருந்தாரா, எண்ணி விட்டாரா, விளக்கு எரிந்ததா? அதை எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். ஒரு பருவம் முழுவதும் சேர்ந்த குறிப்புகளைத் தொகுத்து, தொல்லியல் துறைக்கும் ராஜஸ்தான் சுற்றுலாத் துறைக்கும் சங்கத்தின் பெயரால் ஒரு மனு கொடுப்போம். தனி மனிதன் எழுதும் கடிதம் குப்பைக் கூடைக்குப் போகலாம். பல கண்கள் பார்த்து எழுதிய அறிக்கையை அவ்வளவு எளிதில் ஒதுக்க முடியாது. வருகிற அக்டோபரிலேயே தொடங்கலாம்.